காதால் படிக்கும் அகப்பக்கம்

பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில் மஞ்சள் நிறத் தளக்கற்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில கற்களில் நீளமான கோடுகள் புடைத்திருக்கும். சிலவற்றில் வட்டப் புள்ளிகள் புடைத்திருக்கும். கோடு இருந்தால் 'இந்தத் திசையில் நடக்கலாம்' என்று பொருள். புள்ளி இருந்தால் 'நில்லுங்கள், முன்னே படியோ சாலையோ திருப்பமோ இருக்கிறது' என்று பொருள். வெள்ளைக் கோல் பிடித்து நடப்பவர் கோலின் முனையாலும் காலின் அடியாலும் இந்தச் செய்தியைப் படித்துக்கொண்டே போகிறார்.

இந்தக் கற்களை 1965இல் உருவாக்கியவர் செய்இச்சி மியாகே என்ற ஜப்பானியர். 1967இல் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றுக்கு அருகில் அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் அவற்றுக்குத் தேவை அதிகம். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. பார்வையற்றவர்கள் பலர் இந்த வட்டாரத்தில் வசிக்கிறார்கள், படிக்கிறார்கள், தொழில் செய்கிறார்கள்.

இப்போது ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு குத்தகைக்காரர் இந்தக் கற்களைப் பதிக்காமல், சாதாரண சிமெண்டுத் தரையில் மஞ்சள் வண்ணத்தால் கோடும் புள்ளியும் தீட்டிவிட்டுப் போய்விடுகிறார். படம் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் கோலின் முனைக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

அகப்பக்கம் உருவாக்கக் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இதுதான். திரையில் ஒரு பக்கம் அழகாகத் தெரிவது ஒரு விஷயம். அந்தப் பக்கத்தில் எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல் என்று கணினிக்குத் தெரிவது இன்னொரு விஷயம். இரண்டாவதைச் சொல்லித் தருவதற்காகவே எச்டிஎம்எல் என்ற மொழி உருவானது.

அச்சகத்தில் பிறந்த பழக்கம்

எச்டிஎம்எல் என்பதைத் தமிழில் 'மீயுரைக் குறிமொழி' என்கிறோம். 'குறி' என்ற சொல்லுக்குப் பின்னால் அச்சகங்களின் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. நாளிதழ் அலுவலகங்களில் கட்டுரை கையெழுத்துப் பிரதியாக வந்த காலத்தில், துணையாசிரியர் பேனாவை எடுத்து ஓரத்தில் குறிப்புகள் எழுதுவார். 'இது தலைப்பு', 'இங்கிருந்து புதிய பத்தி', 'இது படத்துக்கான குறிப்பு' என்று அவர் எழுதுவது வாசகருக்கு அல்ல, அச்சுக் கோப்பவருக்கு. அச்சான தாளில் அந்தக் குறிப்புகள் தெரியாது. அவற்றின் விளைவு மட்டுமே தெரியும்.

உலாவிக்கும் நமக்கும் இடையே நடப்பதும் இதே உரையாடல்தான். நாம் எழுதும் உரைக்கு நடுவே குறிச்சொற்களை வைக்கிறோம். உலாவி அவற்றைப் படித்து, குறிச்சொற்களை மறைத்துவிட்டு, அவை சொன்னபடி உரையைக் காட்டுகிறது.

இதற்கு வழிவகுத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ. சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவுக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தபோது, 1989இல் வையவிரிவு வலைக்கான முதல் திட்டத்தை அவர் எழுதினார். அந்த ஆய்வுக்கூடத்தில் பல நாட்டு ஆய்வாளர்கள் பலவகைக் கணினிகளைப் பயன்படுத்தினார்கள். ஒரு கணினியில் எழுதிய ஆவணம் இன்னொன்றில் திறக்காது. ஆகவே ஆவணம் எப்படித் தெரிய வேண்டும் என்று கட்டளையிடாமல், அதன் ஒவ்வொரு பகுதியும் என்ன என்று மட்டும் சொல்லும் ஓர் எளிய முறை தேவைப்பட்டது. எப்படிக் காட்டுவது என்பதை அந்தந்தக் கணினியே முடிவு செய்துகொள்ளும்.

1991 இறுதியில் அவர் வெளியிட்ட குறிப்பில் இருந்தவை 18 குறிச்சொற்கள்தாம். தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு ஆகியவற்றுக்கான குறிச்சொற்கள் அப்போதே இருந்தன, இன்றும் இருக்கின்றன. 1993 ஏப்ரல் 30ஆம் நாள் செர்ன் இந்தத் தொழில்நுட்பத்தை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. இன்று நீங்கள் அனுமதி கேட்காமல், காசு கொடுக்காமல் ஓர் அகப்பக்கம் எழுத முடிவது அதனால்தான்.

உங்கள் முதல் பக்கம்

இதற்குச் சிறப்பு மென்பொருள் எதுவும் வேண்டாம். கணினியில் இருக்கும் நோட்பேட் போதும். பள்ளிக் கணினிக் கூடத்திலேயே செய்யலாம். ஒரு சிறு எச்சரிக்கை: குறிச்சொற்களை இங்கே தமிழ் ஒலிப்பில் அச்சிட்டிருக்கிறோம். நீங்கள் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். 'எச்' என்பது ஹெடிங் என்ற சொல்லின் முதல் எழுத்து. 'பி' என்பது பாராகிராஃப் என்ற சொல்லின் முதல் எழுத்து.

<எச்1>பிரிக்பீல்ட்ஸ்</எச்1>
<பி>செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற இடம் இது.</பி>
<எச்2>பழைய அமைப்புகள்</எச்2>
<யூஎல்>
<எல்ஐ>பௌத்த மகா விகாரை</எல்ஐ>
<எல்ஐ>விவேகானந்தா ஆசிரமம்</எல்ஐ>
</யூஎல்>

இதைச் சேமிக்கும்போது கோப்பின் பெயருக்குப் பின் ஒரு புள்ளி வைத்து, எச்டிஎம்எல் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கோப்பை இருமுறை சொடுக்கினால் உலாவியில் திறக்கும்.

என்ன நடந்தது என்று பார்ப்போம். ஒவ்வொரு குறிச்சொல்லும் கூர் அடைப்புக்குள் இருக்கிறது. பெரும்பாலானவை இரட்டையாக வரும். முதலாவது தொடங்குகிறது, சாய்கோட்டுடன் வரும் இரண்டாவது முடிக்கிறது. 'எச்1' முதல் 'எச்6' வரை ஆறு நிலைத் தலைப்புகள் உண்டு. பாடநூலில் அத்தியாயத்தின் பெயர் எச்1 என்றால், அதற்குள் வரும் உட்தலைப்பு எச்2, அதற்குள் வருவது எச்3. 'யூஎல்' என்பது எண்ணிடாத பட்டியல். 'எல்ஐ' என்பது அந்தப் பட்டியலின் ஓர் உருப்படி.

பட்டியலுக்குள் உருப்படிகள் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். டிபன் கேரியரின் அடுக்குகளைப் போல அல்ல, ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி வைப்பது போல இது அமைந்திருக்கிறது. உள்ளே திறந்த பெட்டியை மூடிய பிறகுதான் வெளிப்பெட்டியை மூட வேண்டும். கணிதத்தில் அடைப்புக்குறிகளுக்கு என்ன விதியோ அதே விதிதான் இங்கும்.

இரண்டு தலைப்புகள், ஒரே தோற்றம்

இப்போது ஒரு சோதனை. அதே பக்கத்தில் 'பிரிக்பீல்ட்ஸ்' என்பதை எச்1 குறிச்சொல் இல்லாமல் வெறும் பத்தியாக எழுதுங்கள். பிறகு அதைத் தடித்த எழுத்தாக்கி, அளவைப் பெரிதாக்குங்கள். திரையில் பார்த்தால் உண்மையான தலைப்புக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது.

பார்வையற்ற ஒருவர் இதே பக்கத்தைத் திறந்தால் என்ன ஆகும்? அவர் பயன்படுத்துவது திரைவாசிப்பான் என்னும் மென்பொருள். அது திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும். அவற்றில் ஒன்று என்விடிஏ. மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006இல் அதை எழுதத் தொடங்கினார். விலை அதிகமான மென்பொருளை வாங்க முடியாதவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காக அது இலவசமாகவே வழங்கப்படுகிறது. தமிழையும் அதனால் படிக்க முடியும்.

உண்மையான எச்1 வரும்போது திரைவாசிப்பான் 'தலைப்பு, நிலை ஒன்று' என்று அறிவித்துவிட்டுப் பெயரைப் படிக்கும். தடித்த பத்தி வரும்போது பெயரை மட்டும் படித்துவிட்டுப் போய்விடும். இது சின்ன வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் நீங்கள் ஒரு நீண்ட பக்கத்தை எப்படிப் படிக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வரிசையாகப் படிப்பதில்லை. கண் தலைப்புகளின்மேல் தாவித் தாவிப் போய், வேண்டிய இடத்தில் நிற்கிறது. காதுக்கு அந்த வசதி கிடையாது. ஒலி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும்.

அதனால்தான் என்விடிஏ ஒரு குறுக்குவழி தருகிறது. விசைப்பலகையில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். 1 முதல் 6 வரையிலான எண்களை அழுத்தினால் அந்தந்த நிலைத் தலைப்புக்குத் தாவும். கேட்பவரும் கண்ணைப் போலவே தாவித் தாவிப் போகலாம். ஆனால் பக்கத்தை எழுதியவர் உண்மையான தலைப்புக் குறிச்சொல்லைப் பயன்படுத்தியிருந்தால் மட்டுமே அது நடக்கும். பெரிதாக்கிய தடித்த எழுத்து, சிமெண்டுத் தரையில் தீட்டிய மஞ்சள் வண்ணம் போன்றது.

அப்படியானால் அழகுபடுத்தவே கூடாதா? தாராளமாகச் செய்யலாம். அதற்கென்று சிஎஸ்எஸ் என்ற தனி மொழி இருக்கிறது. நார்வேயைச் சேர்ந்த ஹோகுன் வியூம் லீ 1994இல் முன்மொழிந்தது அது. நிறம், அளவு, இடைவெளி எல்லாவற்றையும் அதில் எழுதலாம். எது என்ன என்பதை எச்டிஎம்எல் சொல்லட்டும், எப்படித் தெரிய வேண்டும் என்பதை சிஎஸ்எஸ் சொல்லட்டும். இந்த வேலைப் பிரிவினை மனத்தில் பதிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

தமிழாகத் தெரிந்தது, தமிழாக இருந்ததா?

தோற்றத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் உள்ள இந்த இடைவெளியில் தமிழே பல ஆண்டுகள் சிக்கித் தவித்திருக்கிறது.

1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே மலேசியாவில் முத்து நெடுமாறன் கணினியில் தமிழை ஏற்றும் வேலையைத் தொடங்கியிருந்தார். அவர் உருவாக்கிய முரசு அஞ்சல் உலகெங்கும் உள்ள தமிழர்களின் கணினிகளுக்குச் சென்றது. ஆப்பிள் கணினிகளுடன் வரும் இணைமதி எழுத்துருவை வடிவமைத்தவரும் அவரே.

ஆனால் அக்காலத்தில் கணினிக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே தமிழ்க் குறியீடு இல்லை. ஆகவே பலர் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து எழுத்துருக்களை உருவாக்கினார்கள். பலருக்கும் பழக்கமான பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் 'தமிழ்' என்று திரையில் தெரிய வேண்டுமானால், ஜே, கே, பி, ஓ ஆகிய ஆங்கில எழுத்துகளையும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியையும் தட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரிவது 'தமிழ்'. கணினியின் நினைவில் இருப்பதோ பொருளில்லாத ஐந்து ஆங்கிலக் குறிகள்.

அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஒவ்வோர் அகப்பக்கத்துக்கும் ஒவ்வோர் எழுத்துருவைப் பதிவிறக்க வேண்டியிருந்தது. தேடுபொறியில் 'தமிழ்' என்று தேடினால் அந்தப் பக்கம் அகப்படாது. திரைவாசிப்பான் அதைப் படித்தால் ஜே, கே என்று ஆங்கில எழுத்துகளைத்தான் ஒப்பிக்கும்.

தீர்வு ஒருங்குறி என்னும் யூனிகோடு. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 2944 முதல் 3071 வரை உள்ள 128 இடங்கள் தமிழுக்கானவை. அதில் 'தமிழ்' என்ற சொல் இப்படி இருக்கும்: 2980 என்றால் த, 2990 என்றால் ம, 3007 என்றால் இகரக் கொக்கி, 2996 என்றால் ழ, 3021 என்றால் புள்ளி. இங்கும் ஐந்து குறிகள்தாம். ஆனால் இந்த எண்களுக்கு உலகின் எந்தக் கணினியிலும் வேறு பொருள் கிடையாது. எழுத்துரு மாறினாலும் 2980 எப்போதும் த-தான்.

கண்டுபிடித்தவுடன் எல்லாம் மாறிவிடவில்லை. கணினிகள் ஒருங்குறித் தமிழைக் காட்டப் பழக வேண்டியிருந்தது. விண்டோஸ் 2000 அதற்கு ஒரு முக்கியப் படி. தமிழர்களும் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது. அதற்காகவே 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2000இல் மீண்டும் சிங்கப்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்தன. 2001ஆம் ஆண்டு மாநாடு நம் கோலாலம்பூரில் நடந்தது. குறியீட்டையும் விசைப்பலகையையும் பற்றி அங்கெல்லாம் நடந்த விவாதங்களின் பலனைத்தான் இன்று கைப்பேசியில் தமிழில் தட்டும் ஒவ்வொருவரும் அனுபவிக்கிறோம்.

உங்கள் பக்கத்தில் தமிழ் சரியாக வர வேண்டுமானால் இரண்டு வேலைகள் செய்ய வேண்டும். நோட்பேடில் சேமிக்கும்போது குறியீட்டு முறையாக யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தின் தொடக்கத்தில் இந்த வரியைச் சேருங்கள்:

<மெட்டா சார்செட்="யூடிஎஃப்-8">

ஒருங்குறி எண்களைக் கோப்பில் எழுதிவைக்கும் முறைதான் யூடிஎஃப்-8. அதில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் இடம் எடுக்கும். 'தமிழ்' என்ற சொல்லுக்கு 15 பைட்.

தண்ணீரா, காற்றா?

மலேசிய மாணவர்களுக்கென்றே ஒரு சுவையான சிக்கல் உண்டு. நம் பக்கங்களில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் கலந்து வரும். மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் எழுத்து ஒன்றே. ஏ, ஐ, ஆர் என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்தால், மலாயில் அது 'ஆயேர்', அதாவது தண்ணீர். ஆங்கிலத்தில் அதே எழுத்துகள் 'ஏர்', அதாவது காற்று. படிக்கும் நமக்கு வாக்கியத்தைப் பார்த்தவுடன் புரிந்துவிடும். திரைவாசிப்பானுக்கு எந்தக் குரலில் படிப்பது என்று யாராவது சொல்ல வேண்டும்.

அதற்குத்தான் 'லாங்' என்ற பண்பு இருக்கிறது. குறிச்சொல்லுக்குள் எழுதும் கூடுதல் தகவலைப் பண்பு என்கிறோம்.

<எச்டிஎம்எல் லாங்="டிஏ">

இது பக்கம் முழுவதும் தமிழ் என்று சொல்கிறது. டி, ஏ என்ற இரண்டு எழுத்துகள் தமிழுக்கான குறியீடு. மலாய்க்கு எம், எஸ். ஆங்கிலத்துக்கு இ, என். தமிழ்ப் பக்கத்துக்கு நடுவே ஒரு மலாய்ச் சொற்றொடர் வந்தால், அதை மட்டும் ஸ்பான் என்ற குறிச்சொல்லால் சூழ்ந்து, எம்எஸ் என்று மொழி குறிக்கலாம். மலாய்க் குரல் நிறுவப்பட்ட திரைவாசிப்பான் அந்த இடத்தில் குரலை மாற்றிக்கொள்ளும்.

இந்த ஒரு வரியைப் போடாவிட்டால் திரையில் எதுவும் மாறாது. அதனால்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

படமும் இணைப்பும்

பள்ளி அறிவிப்புகள் பெரும்பாலும் எப்படி வருகின்றன? வண்ணச் சுவரொட்டி ஒன்றைத் தயாரித்து, அதைப் படமாக மாற்றி, புலனத்திலும் அகப்பக்கத்திலும் போடுகிறார்கள். போட்டியின் நாள், நேரம், இடம் எல்லாம் அந்தப் படத்துக்குள் இருக்கும். நமக்கு அது எழுத்து. கணினிக்கு அது வண்ணப் புள்ளிகளின் கூட்டம். படத்திலிருந்து எழுத்தை ஊகித்தறியும் மென்பொருள்கள் இன்று வந்துவிட்டன. ஆனால் அலங்கார எழுத்துகளில் அவை தடுமாறும். செத்தாபாக்கில் பார்வையற்ற மாணவர்களுக்கென்று ஓர் இடைநிலைப்பள்ளி இருக்கிறது. உங்கள் பள்ளி நடத்தும் மாநில அளவிலான போட்டிக்கு அங்குள்ள ஒரு மாணவர் வர விரும்பினால், அவருக்கு நாள் தெரிய வேண்டாமா?

படத்தைச் சேர்க்கும் குறிச்சொல்லில் 'ஆல்ட்' என்ற பண்பு உண்டு.

<ஐஎம்ஜி எஸ்ஆர்சி="தோரணம்.ஜேபிஜி" ஆல்ட்="பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் மாலைக் கடை, வாசலில் தொங்கும் மல்லிகைச் சரங்கள்">

படம் தெரியாதவருக்கு இந்த வாக்கியம் கேட்கும். இணையம் மெதுவாக இருந்து படம் வராவிட்டால் உங்களுக்கும் இதுவே தெரியும். 'படம்' என்று மட்டும் எழுதுவதில் பயனில்லை. தொலைப்பேசியில் ஒரு நண்பரிடம் அந்தப் படத்தைப் பற்றி எப்படிச் சொல்வீர்களோ அப்படி எழுதுங்கள். அறிவிப்பு என்றால் நாளையும் நேரத்தையும் பக்கத்திலேயே எழுத்தாகத் தட்டிவிடுங்கள். சுவரொட்டி அலங்காரமாக இருக்கட்டும்.

இணைப்புகளிலும் இதே கவனம் தேவை. 'மேலும் அறிய இங்கே சொடுக்கவும்' என்று எழுதி, 'இங்கே' என்ற சொல்லுக்கு மட்டும் இணைப்புக் கொடுப்பது பலருடைய பழக்கம். திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோர் பக்கத்தில் உள்ள இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்க முடியும். அந்தப் பட்டியல் 'இங்கே, இங்கே, இங்கே' என்று ஒலித்தால் எதைத் தேர்ந்தெடுப்பது? 'கட்டுரைப் போட்டியின் விதிமுறைகள்' என்ற சொற்களுக்கே இணைப்புக் கொடுத்தால் கேட்டவுடன் விளங்கும்.

இது நிரலாக்கம்தானா?

எச்டிஎம்எல் எழுதினால் நிரலாளர் ஆகிவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். நேர்மையான பதில்: எச்டிஎம்எல் மட்டும் நிரல்மொழி ஆகாது. 'மழை பெய்தால் குடை எடு' என்பது போன்ற நிபந்தனை அதில் இல்லை. 'பத்து முறை செய்' என்ற சுழற்சியும் இல்லை. அது விவரிக்கும் மொழி.

ஆனால் நிரலாக்கத்துக்குத் தேவையான பழக்கங்களை அது கற்றுத் தருகிறது. ஒரு முழுப் பொருளைப் பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்பது, ஒன்றுக்குள் ஒன்றை ஒழுங்காக அடுக்குவது, ஒரு சாய்கோடு விடுபட்டால் என்ன ஆகும் என்று தேடிக் கண்டுபிடிப்பது ஆகியவை அவற்றுள் சில. படிவம் 5 கணினி அறிவியல் பாடத்தில் வரும் இணைய நிரலாக்கத்துக்கு இது நல்ல அடித்தளம்.

நிபந்தனையும் சுழற்சியும் வேண்டுமென்றால் அடுத்து ஜாவாஸ்கிரிப்ட் இருக்கிறது. பிரெண்டன் ஐக் என்பவர் 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். உங்கள் பக்கத்தில் ஒரு புதிர் வைத்து, 'விடையைக் காட்டு' என்ற பொத்தானை அமைப்பதாக வைத்துக்கொள்வோம். ஜாவாஸ்கிரிப்டில் எழுத வேண்டிய தருக்கம் இவ்வளவுதான்: பொத்தான் அழுத்தப்பட்டால், விடை மறைந்திருக்கிறதா என்று பார், மறைந்திருந்தால் காட்டு, இல்லையென்றால் மறை.

இங்கேயும் பழைய பாடம் திரும்ப வருகிறது. ஒரு வெறும் பெட்டிக்கு நீல நிறம் பூசி, ஓரங்களை வளைத்து, அதைச் சொடுக்கினால் வேலை செய்யும்படி எழுதிவிடலாம். பார்த்தால் பொத்தான்தான். ஆனால் சுட்டியைப் பயன்படுத்த முடியாமல் விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்பவர் டேப் விசையை எத்தனை முறை அழுத்தினாலும் அந்தப் பெட்டிக்குப் போக முடியாது. அதற்குப் பதில் <பட்டன்> என்ற குறிச்சொல்லைப் பயன்படுத்தினால், டேப் விசை அங்கே நிற்கும். எண்டர் விசை அதை இயக்கும். திரைவாசிப்பான் 'பொத்தான்' என்று அறிவிக்கும். இவை எதற்கும் நீங்கள் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. சரியான பெயரைச் சொன்னதற்கு உலாவி தரும் பரிசு இது.

தவற்றைச் சொல்லாத உலாவி

மற்ற நிரல்மொழிகளில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் கணினி உடனே நின்று, தவறு இருக்கும் வரியைச் சொல்லும். உலாவி அப்படி இல்லை. நீங்கள் குறிச்சொல்லை மூட மறந்தாலும், ஆல்ட் எழுதாவிட்டாலும், மொழியைக் குறிக்காவிட்டாலும், அது முணுமுணுக்காமல் தன்னால் முடிந்தவரை பக்கத்தைக் காட்டிவிடும். தொடங்குபவருக்கு இது ஊக்கம் தரும். ஆனால் தன் பக்கம் யாருக்குப் போய்ச் சேரவில்லை என்று எழுதியவருக்குத் தெரியாமலே போய்விடும்.

ஆகவே சோதனையை நீங்களே செய்ய வேண்டும். வையவிரிவு வலைக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, பக்கங்களைச் சரிபார்க்க இலவசக் கருவி ஒன்றை வைத்திருக்கிறது. அகப்பக்கங்கள் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான வழிகாட்டி நெறிகளையும் அது 1999இல் வெளியிட்டது. அவை தொடர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. நம் நாட்டிலும் 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், தகவல் தொழில்நுட்பத்தைப் பெறுவது அவர்களின் உரிமை என்று சொல்கிறது.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகத்துக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். கழகத்தின் பெயர், இவ்வாண்டின் நடவடிக்கைகள், அடுத்த கூட்டத்தின் நாள், ஒரு படம், ஓர் இணைப்பு ஆகியவை போதும். எழுதி முடித்ததும் இந்த ஐந்து சோதனைகளையும் செய்யுங்கள்.

1. தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். அவற்றைப் படித்தாலே பக்கத்தின் உள்ளடக்கம் விளங்குகிறதா? ஒவ்வொன்றும் உண்மையான எச் குறிச்சொல்தானா?

2. சுட்டியைத் தொடாமல், டேப், எண்டர் விசைகளை மட்டும் கொண்டு எல்லா இணைப்புகளுக்கும் பொத்தான்களுக்கும் போய் வாருங்கள்.

3. படக் கோப்பின் பெயரை வேண்டுமென்றே மாற்றிவிட்டுப் பக்கத்தைத் திறங்கள். படம் வராத இடத்தில் தெரியும் சொற்கள் போதுமானவையா?

4. பக்கத்திலிருந்து ஒரு தமிழ் வரியை நகலெடுத்து வேறொரு மென்பொருளில் ஒட்டுங்கள். அங்கேயும் தமிழாகவே இருக்கிறதா?

5. ஒரு கணினியில் என்விடிஏவை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, அடுத்த கூட்டத்தின் நாளைக் காதால் மட்டுமே கண்டுபிடியுங்கள். கைப்பேசியில் செய்வதானால், ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்ற பெயரில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. அதை இயக்கியதும் விரல் அசைவுகள் மாறிவிடும். ஒருமுறை தொட்டால் படிக்கும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். ஆகவே எப்படி அணைப்பது என்று முதலில் கற்றுக்கொண்டு இயக்குங்கள்.

ஐந்தாவது சோதனையைச் செய்யும்போது நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தின் நாளைக் கண்டுபிடிக்க உங்களுக்கு இரண்டு நிமிடம் ஆனால், குறிச்சொற்களைத் திருத்திவிட்டு மறுபடியும் கேளுங்கள். எச் விசையை இரண்டு முறை அழுத்தியதும் அந்த நாள் காதில் விழும்வரை திருத்துங்கள்.